குறிப்பில்லாத நாற்பத்து மூன்று கிணறுகள்

என் மனைவி இறந்த நான்காவது மாதம், அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். தென்காசியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் அது. ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை அளந்து, எதில் தண்ணீர் இருக்கிறது, எது தூர்ந்துபோய்க் கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவைக்கிற சின்ன அறக்கட்டளை. தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே இரண்டே பேர். வெயிலில் அலைய என் மனைவி, அவள் கொண்டுவருவதைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து வைக்க ஓர் இளம்பெண்.

அந்தப் பெண்தான் கார்த்திகையில் ஒருநாள் காலை குற்றாலத்துக்கு என்னைத் தேடி வந்தாள். நான் அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். ஐயப்பசாமிமார் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர்கள் சாவி கேட்டு மேசையை மொய்த்தார்கள். அவள் ஓரமாக நின்று கூட்டம் குறையும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். என் மனைவியின் அடையாள அட்டை, வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பி, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளக்கும் டேப், ஒரு பென் டிரைவ்.

“அக்கா எடுத்த கிணறெல்லாம் இதுல இருக்குண்ணே,” என்றாள். “ஆபீஸ் சாமானை எல்லாம் நேத்து சென்னைக்கு அனுப்பியாச்சு. அதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒரு காப்பி போட்டேன்.”

அவளுக்கு மதுரையில் வேறு வேலை கிடைத்திருந்தது. அந்த வாரமே போகிறாள் என்றாள். நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. அதற்குள் இரண்டு பேர் வெந்நீர் வரவில்லை என்று வந்து நின்றார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. அவள் கல்லூரியில் புவியியல் படித்தவள். முதல் ஒன்பது வருஷம் வீட்டில்தான் இருந்தாள். பிறகு இந்த வேலை வந்தது. வெயிலில் அலைகிற வேலை எதற்கு என்று நான் முட்டுக்கட்டை போட்டேன். வீட்டுக்குள் இருந்து என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கீழப்பாவூர், சுந்தரபாண்டியபுரம், இலஞ்சி என்று சுற்றினாள். முதல் வாரத்தில் அந்த டேப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் இறக்கிப் பழகினாள். அதன் நுனியில் இருக்கும் குண்டு தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் எனக்குத் தலைவலி என்று சொல்லி நிறுத்தச் சொன்னேன். சாயங்காலம் வந்து கிணறுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன். கொஞ்ச நாளில் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

அவள் இறந்தது ஆடி முதல் வாரம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். சளி கட்டியிருக்கும், ஆவி பிடி என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போனேன். பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். எங்கள் வீடு இருக்கும் மேலகரத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது அவளை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியே உட்காரவைத்து விளக்கினார். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் இதய வால்வு பாதித்திருக்கும், வருஷக்கணக்கில் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கும், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். முன்பே தெரிந்திருந்தால் சரிசெய்ய வழி இருந்தது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

“மேடு ஏறும்போது, படி ஏறும்போது இவங்களுக்கு மூச்சு வாங்குமா?”

“இல்ல சார்,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

பென் டிரைவை அன்றைக்குச் சாயங்காலமே லாட்ஜ் கம்ப்யூட்டரில் போட்டேன். அவள் எழுதியது ஏதாவது இருக்கும், படம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. முதல் ஃபோல்டரின் பெயர் ஜி.டி.பி. என்ற மூன்று எழுத்தில் முடிந்தது. அதைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கும் மேல் சின்னச் சின்னக் கோப்புகள். எல்லாவற்றுக்கும் பெயர் ஓர் எழுத்தும் வரிசையாகப் பூஜ்யங்களும். எதை அழுத்தினாலும், இதை எதில் திறக்க என்று கம்ப்யூட்டர் என்னையே திருப்பிக் கேட்டது. ஒன்றை நோட்பேடில் திறந்தேன். கட்டம் கட்டமாகவும் கோணல் குறியாகவும் பக்கம் முழுக்க ஓடியது. அவள் பேச்சை நான் கேட்காமல் இருந்ததற்கு இப்போது அவள் எனக்குப் புரியாத பாஷையில் பேசுகிறாள் என்று தோன்றி, மூடிவிட்டேன்.

இரண்டாவது ஃபோல்டரில் ஒரே பெயரில் நான்கு கோப்புகள். கடைசி மூன்று எழுத்து மட்டும்தான் வேறு வேறு. மறுநாள் யூடியூபில் தேடினேன். ஒருவர் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எஸ்.ஹெச்.பி. என்று முடிவதுதான் மேப் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. மற்ற மூன்றும் அதன் நகல்கள் போலிருக்கிறது என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

லாட்ஜ் கம்ப்யூட்டரில் கேமராப் பதிவுகள் நிரம்பி எப்போதும் இடம் இல்லாமல் திணறும். பத்திரமாக இருக்கட்டும் என்று பென் டிரைவில் இருந்ததை அதில் காப்பி செய்தபோது, முதல் ஃபோல்டரை ஒன்றும் புரியாததால் அப்படியே முழுதாக எடுத்தேன். இரண்டாவதில் புரிந்துவிட்டது என்ற நினைப்பில், எஸ்.ஹெச்.பி. கோப்பை மட்டும் எடுத்தேன்.

மார்கழியில் சாமிமார் குழு ஒன்றின் பை காணாமல் போனது. காவல் நிலையத்திலிருந்து கேமராப் பதிவு கேட்டார்கள். கைக்கு வேறு பென் டிரைவ் அகப்படவில்லை. எல்லாம்தான் காப்பி செய்தாயிற்றே என்று அவளுடைய பென் டிரைவை அழித்து, அதில் ஆறு மணி நேரப் பதிவை ஏற்றிக் கொடுத்தனுப்பினேன். அது திரும்பி வரவே இல்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை.

மாசியில் குற்றாலம் காலியாகிவிடும். அருவி பாறையோடு ஒட்டிக்கொண்டு கொடியாக ஒழுகும். மதியம் அறையைக் காலிசெய்கிறவர்கள் போனபிறகு மேசையில் எனக்கு வேலையே இருக்காது. அந்த மதியங்கள்தான் என்னால் தாங்க முடியாதவையாக இருந்தன. ஒருநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, அந்தப் பென் டிரைவில் இருந்ததை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மேப் மென்பொருளின் பெயரைச் சொல்லி இறக்கிக்கொள்ளச் சொன்னாள்.

அதை ஏற்றித் திறந்தபோது பாதித் திரைக்கு வெறும் வெள்ளை, மீதிக்கு எறும்பு மாதிரிப் பொத்தான்கள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தேன். முதல் ஃபோல்டருக்குள் போய் ஒவ்வொரு கோப்பாக இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் செல்லாது என்று அது தள்ளியது. மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் அந்தப் பெண்ணின் சாப்பாட்டு இடைவேளையில் அவளை வீடியோவில் கூப்பிட்டு, திரையைக் காட்டினேன். அவள் பார்த்ததுமே சொன்னாள்:

“அந்த ஃபோல்டருக்குள்ள போகாதியண்ணே. நீங்க உள்ள போயி செங்கல் செங்கலாத் தட்டிப் பாக்கிய. வெளிய நின்னு மொத்தமா வீடாப் பாக்கணும். அந்த ஃபோல்டர் முழுசும் சேந்துதான் ஒரு டேட்டாபேஸ்.”

பிறகு எங்கே அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோப்பு என்று இருப்பதை மாற்றி ஃபோல்டர் என்று வைக்க வேண்டும். அதன் வகையைப் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். சேர் என்று இருந்த பொத்தானை அழுத்தினேன். ‘கிணறு’ என்று ஒரு பெயர் வந்தது. வெள்ளைத் திரையில் புள்ளிகள் கொட்டின. முந்நூற்றுப் பன்னிரண்டு. பின்னால் ஊர் வரைபடத்தைப் போடச் சொன்னாள். போட்டதும் புள்ளிகள் எல்லாம் தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவே தங்கள் தங்கள் வயலில் போய் உட்கார்ந்துகொண்டன. அத்தனை இடத்திலும் என் மனைவி நின்றிருக்கிறாள்.

“ஒரு புள்ளிய அழுத்திப் பாருங்க. இல்லேன்னா மொத்த டேபிளையும் திறக்கலாம்,” என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் தயங்கிவிட்டு, “கடைசிக் கட்டம் குறிப்புன்னு இருக்கும். அக்கா அதுல என்னத்தையாவது எழுதி வைப்பாவ. ரிப்போர்ட் அனுப்பும்போது அந்தக் கட்டத்த நாங்க எடுத்துருவோம். நான் கேலி பண்ணுவேன், என்னக்கா டைரி எழுதுதியளான்னு,” என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்பப் போனபிறகு டேபிளைத் திறந்தேன். கிணற்று எண், தேதி, நேரம், நீர்மட்டம், பயன்பாடு, குறிப்பு. முதலில் வந்தவை எல்லாம் சிரிப்பை வரவழைப்பவை. ‘பம்பு ஓடுது, தண்ணி தெளிவு.’ ‘நாய் உண்டு, கட்டிப் போட்டாங்க.’ ‘மோர் தந்தாங்க, உப்பு கூட.’ ‘அண்ணன் தம்பி சண்டை, கிணறு நடுவுல.’ அவள் சாயங்காலம் வந்து என்னிடம் சொல்ல நினைத்தவை இவைதான் என்று புரிந்தது. நான் கேட்காததால் அவள் இங்கே எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே போனேன்.

தை மாதத் தேதிகளில் குறிப்புகள் மாறின.

‘வரப்புல நடந்ததுல மூச்சு வாங்குது. பத்து நிமிஷம் கழிச்சு அளந்தேன்.’

‘மேடு. ரெண்டு தடவை உட்கார்ந்தேன்.’

‘இருமல். டேப்பை அந்த அண்ணாச்சி இறக்கித் தந்தார்.’

ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவே ஏன் இவ்வளவு நேரம் ஆனது என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வதற்காக எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியாது. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கட்டம் முழுக்க இருந்தது. நான்கு மாதமாக, தேதி போட்டு, நேரம் போட்டு, எந்த வயலில் எந்த மேட்டில் என்று இடம் குறித்து.

எங்கள் வீடு மாடியில். அவள் படியேறும்போது பாதியில் நிற்பாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஏட்டி, மலை எங்கயும் போகாது, மேல வா என்று ஒருமுறை கேலிகூடச் செய்தேன். அவள் சிரித்தாள்.

பங்குனியில் ஒரு தேதி. நேரம் பிற்பகல் நான்கு பத்து. ‘நெஞ்சு படபடப்பு. வேப்பமரத்தடியில முக்கால் மணி.’ அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லாட்ஜ் முதலாளி வீட்டில் கல்யாண வரவேற்பு. ஐந்து மணிக்கே நான் வேட்டி சட்டையோடு தயாராக நின்றேன். அவள் ஆறே காலுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டாள். முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மண்டபம் போய்ச் சேரும்வரை வண்டியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என் தோளில் கைவைத்தபோது தோளை அசைத்தேன். கையை எடுத்துக்கொண்டாள்.

டேபிளின் கடைசி வரிசை சித்திரை முடிவில். முந்நூற்றுப் பன்னிரண்டாவது கிணறு. குறிப்புக் கட்டத்தில் மூன்றே சொல்: ‘இன்னைக்கு வீட்ல சொல்லணும்.’

அவள் சொன்னாளா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு நினைவே இல்லை. வைகாசியும் ஆனியும் இரண்டாவது ஃபோல்டரில் இருந்தன. சொல்லியிருந்தால் அடுத்த கிணற்றில் எழுதியிருப்பாள். சொல்லாமல் விட்டிருந்தாலும் எழுதியிருப்பாள்.

அந்த எஸ்.ஹெச்.பி. கோப்பைத் திறந்தேன். கூட இருக்க வேண்டிய ஒரு கோப்பு இல்லை, திறக்க முடியாது என்று செய்தி வந்தது. அதைப் படமெடுத்து மதுரைக்கு அனுப்பினேன். அந்தப் பெண் ஒரு மாற்று வழியை எழுதி அனுப்பினாள். அதன்படி செய்ததும் திறந்தது. ஆனால் ஊர் வரைபடத்தில் எதையும் காணோம். திரையைச் சுருக்கிக்கொண்டே போனால், மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே கடலுக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி. அதைப் பெரிதாக்கினால் நாற்பத்து மூன்று. அதையும் அனுப்பினேன். அவளே கூப்பிட்டாள்.

“இது எந்த அளவுல எடுத்ததுன்னு சொல்லுற கோப்பையும் காணோம் போலண்ணே. அதான் கடல்ல போய் நிக்கி. நாமளே சொல்லிக் குடுத்துரலாம்,” என்று ஓர் எண்ணைச் சொன்னாள். அதைப் போட்டதும் கடலில் நின்ற கிணறுகள் எல்லாம் கீழப்பாவூர்ப் பக்கம் வந்து இறங்கின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி நின்ற இடங்களை ஆழ்கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்தேன்.

டேபிளைத் திறந்தேன். ஒரே ஒரு கட்டம். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்து மூன்றுவரை எண்கள். வேறொன்றும் இல்லை.

“டேபிள் காலியா இருக்கேம்மா,” என்றேன்.

“டி.பி.எஃப்.னு ஒரு கோப்பு இருக்கும் பாருங்க. அதே பேருல.”

நான் அதை எடுக்கவில்லை என்றேன். பென் டிரைவிலிருந்து எடுத்துப் போடச் சொன்னாள். பென் டிரைவ் இல்லை என்றேன். நகல் என்று நினைத்து விட்டதையும், அழித்துக் கொடுத்ததையும் சொன்னேன். பிறகு மெதுவாகச் சொன்னாள், புள்ளி வேறு, எழுத்து வேறு, எழுத்தெல்லாம் அந்த டி.பி.எஃப். கோப்பில்தான் இருந்தது என்று. மற்ற இரண்டு கோப்புகளும் தொலைந்தால் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். அது தொலைந்தால் தொலைந்ததுதான்.

சென்னையில் இருக்காதா என்று கேட்டேன். முடித்த வேலையைத்தான் சென்னைக்கு அனுப்பினோம், கடைசி இரண்டு மாதத்தது என் மனைவியின் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும்தான் கிடந்தது என்றாள். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். லேப்டாப்பையும் அவள் அளவெடுக்கக் கொண்டுபோன ஆபீஸ் போனையும் துடைத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். என்மேல்தான் தப்பு, நான் சொல்லிக் கொடுத்திருக்கணும் என்றாள். நீ என்னம்மா செய்வாய் என்றேன். அன்றைக்கு லாட்ஜின் பின்பக்கம் போய், துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். ரூம்பாய் வந்து இரண்டுமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி உயிரோடு இருந்தபோது காதில் வாங்காததை, அவள் போனபிறகு என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். நாற்பத்து மூன்று இடமும் தெரிகிறது. டேப் என்னிடம் இருக்கிறது. நான் போய் அளந்துவந்தால் அந்த டேபிளைத் திரும்ப நிரப்ப முடியுமா? அந்தப் பெண் புள்ளிகளை என் செல்போனில் வருகிற மாதிரி செய்து கொடுத்தாள். அதே கட்டங்களோடு ஒரு காலி டேபிளும் தயார்செய்து அனுப்பினாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பங்குனியில் தொடங்கினேன். என் மனைவியின் ஸ்கூட்டியில், அவளுடைய தொப்பியோடு.

வெயில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிணற்றுக்கு வண்டியை நிறுத்திவிட்டு அரை மைல் வரப்பில் நடக்க வேண்டும். செல்போனில் நீலப் புள்ளி நான். சிவப்புப் புள்ளி அவள். நீலம் போய்ச் சிவப்பின்மேல் ஏறும்போது நின்று, டேப்பை இறக்கி, சத்தம் வந்ததும் அளவைக் குறித்துக்கொள்வேன். பல இடங்களில் கணக்கெடுக்கிற அக்கா வரலையா என்று கேட்டார்கள். சில இடங்களில், அவளுக்கு இப்போது வேறு வேலை என்று சொல்லிவிட்டேன். ஒரு கிணற்றைக் கட்டட இடிபாடு போட்டு மூடியிருந்தார்கள். இன்னொன்றில் உள்ளே விடவில்லை. இப்படியே பதினாறு கிணறுகளைப் பார்த்து முடித்தேன்.

பதினேழாவது கிணறு கீழப்பாவூருக்குக் கிழக்கே ஒரு வெண்டைக்காய்த் தோட்டத்தில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா காய் பறித்துக்கொண்டிருந்தார். கையில் துணி சுற்றியிருந்தார். டேப்பைப் பார்த்ததும், “ஆபீஸ்லருந்தா வாரிய?” என்றார். ஆமாம் என்றேன். அளந்து முடிக்கும்வரை அருகில் நின்றார்.

“முன்ன ஒரு பிள்ளை வரும். இங்கனதான் உக்காரும். வந்ததும் தண்ணி கேக்கும். பாவம், முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும்,” என்றார். “ஒடம்புக்கு என்னட்டின்னு கேட்டேன். மூச்சு விட முடியலக்கான்னு சொல்லிச்சு. வீட்டுக்காரர்ட்ட சொன்னியான்னு கேட்டேன்.”

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“சொன்னேன்க்கா, ஆசுபத்திரிக்கு ஒருநாள் போவணும்னு சொன்னேன், சீசன் முடியட்டும்னு அவிய சொன்னாவன்னு சொல்லிச்சு. குத்தாலத்துல வேலையாம்லா அவருக்கு. நிக்க நேரமில்லாத ஆளுன்னு அவருக்குத்தான் பரிஞ்சு பேசிச்சு.”

எனக்கு அது நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை. எந்த நாள், எந்த வேளை, அவள் எங்கே நின்று சொன்னாள், நான் நிமிர்ந்து பார்த்தேனா, எதுவும் இல்லை. ஆனால் அது என் வாய்ச்சொல்தான். கூரை ஒழுகினால், அவள் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றால், கேஸ் அடுப்பு மாற்ற வேண்டும் என்றால், எல்லாவற்றுக்கும் நான் சொல்கிற பதில் அதுதான். அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

“இப்ப எப்படி இருக்கு அந்தப் பிள்ளை?” என்றார் அந்த அம்மா.

“அவ இல்லம்மா. ஆடியில போயிட்டா.”

அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீங்க யாரு?”

“அவ வீட்டுக்காரன்.”

அவர் மோட்டார் அறைக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. செம்பைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, அந்தச் சுவரின் ஓரமாகக் கைகாட்டினார். அங்கேதான் அவள் உட்கார்வாளாம். நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தபோது அவர் திரும்பிக்கொண்டு காய் பறிக்கப் போய்விட்டார். நான் கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒரு பையில் வெண்டைக்காய் போட்டு வண்டியில் மாட்டிவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, இனி எதற்கு என்று இருந்தது. ஆனால் அரைகுறையாகக் கிடக்கும் அந்த டேபிளைத் திறக்கும்போதெல்லாம், மிச்சமிருக்கும் இருபத்தாறு இடத்திலும் அவள் அந்த மூச்சோடு போய் நின்றிருக்கிறாளே என்று தோன்றும். வால்வு சுருங்கிப்போன ஒருத்தி நடந்த தூரத்தை, நோய்நொடி இல்லாத நான் நடக்காமல் விடுவதா? சித்திரையில் திரும்பத் தொடங்கினேன். வைகாசி பாதியில் முடித்தேன். நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று.

குறிப்பு என்ற கட்டத்தை எல்லா இடத்திலும் காலியாகவே விட்டிருந்தேன். அவள் எழுதியதை நான் கற்பனை செய்து எழுத முடியாது. என்னுடையதை அங்கே எழுத எனக்கு அருகதையும் இல்லை. பதினேழாம் கிணற்றுக்கு மட்டும், அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே தட்டினேன். தமிழில் தட்டத் தெரியாமல் அதற்கு ஒரு மதியம் முழுதும் ஆனது.

டேபிளை அனுப்பிய மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். நான் அனுப்பியதை நாற்பத்து மூன்று புள்ளிகளோடும் இணைத்துவிட்டதாகச் சொன்னாள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் புவியியல் படிக்கிறவர்களுக்கு இது உதவும், கேட்கிறார்கள், மொத்தத்தையும் கொடுக்கலாமா என்றாள். கொடு என்றேன்.

“அண்ணே, பதினேழாம் நம்பர்ல ஒண்ணு எழுதியிருக்கிய.”

“ஆமா.”

“குடுக்கும்போது குறிப்புக் கட்டத்த மொத்தமா எடுத்துருதேன். அக்கா எழுதினதையும் சேத்து. சரியா?”

“அவுங்களுக்குக் குடுக்கதுல எடுத்துரும்மா,” என்றேன். “என்கிட்ட இருக்கதுல இருக்கட்டும்.”

சரி என்றாள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. சாப்பிடுகிறேன் என்றேன். வெளியே காரை நிறுத்தி நான்கைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதா என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார். போனை வைத்துவிட்டு, இன்னும் இல்லை, இரண்டு வாரம் ஆகும் என்று பதில் சொன்னேன்.